வெயில் ஏற ஏற மாறும் பனி: சித்திரையில் இமயமலை ஏறுவோருக்கு ஒரு விளக்கம்

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் சாலையருகே பனி சரிந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். நேரம் நண்பகலை ஒட்டி. சென்னையில் அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் எழும் கேள்வி இதுதான்: குளிர்காலம்தான் முடிந்துவிட்டதே, வெயில் அடிக்கும் நேரத்தில் பனி எப்படிச் சரிகிறது?

இந்தக் குழப்பத்தில் தவறில்லை. தமிழ்நாட்டில் பனிச்சரிவு என்றதும் நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரியில் சியாச்சினில் நடந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அது உறைய வைக்கும் குளிரில் நடந்தது. ஆகவே பனிச்சரிவு என்றால் கடுங்குளிர் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் பரீட்சை முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலிருந்து கிளம்பி உத்தராகண்ட், இமாச்சல், காஷ்மீர் பக்கம் மலையேறவும் பனிச்சறுக்குக்கும் போகிறவர்கள் காலில் மிதிப்பது வேறு வகைப் பனி. அதன் குணம் மாதத்தைப் பொறுத்ததல்ல, மணியைப் பொறுத்தது. காலை ஆறு மணிக்குக் கல் போல் இருந்த அதே சரிவு, பதினொரு மணிக்குக் கால் வைக்கக் கூடாத இடமாகிவிடலாம். அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பனி அடுக்கடுக்காகக் கிடக்கிறது

இமயமலையின் மேற்குப் பகுதியில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து, மலையில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை இப்படிப் பல முறை. ஒவ்வொரு முறை விழுவதும் தனி அடுக்கு. காற்றில்லாமல் விழுந்த புதுப் பனி, ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும். காற்று அடித்துச் சேர்த்த பனி இறுகலாக இருக்கும். இடையில் நாலு நாள் வெயில் அடித்திருந்தால், மேற்பரப்பு உருகி உறைந்து கண்ணாடித் தகடு போல ஒரு அடுக்கு உருவாகியிருக்கும்.

இந்த அடுக்குகளில் சில பலவீனமானவை. குறிப்பாக, குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லியதாக விழுந்த பனி. அதற்குக் கீழே தரை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும். மேலே காற்று மிகவும் குளிர்ந்திருக்கும். இந்த வித்தியாசத்தால் பனிக்குள்ளேயே நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்கள் பெரிதாகி, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடுகின்றன. கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் கொட்டிவிடும். அதன் மேல் பின்னால் விழுந்த இறுகிய பனி உட்கார்ந்திருக்கும்.

அந்த ஒட்டாத அடுக்கு விட்டுக்கொடுத்தால், மேலிருக்கும் பனி முழுப் பலகையாகப் பெயர்ந்து வழுக்கும். இதைப் பலகைச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே போகப் போக விரிந்துகொண்டே போவது தளர்பனிச் சரிவு. வசந்த காலத்தில் இரண்டுமே ஈரப் பனியில் நடக்கும். ஈரச் சரிவு, உலர்ந்த பனிச்சரிவைவிட மெதுவாக வரும். ஆனால் எடை பல மடங்கு. நின்றதும் கான்கிரீட் போல இறுகிவிடும்.

எல்லாம் நேற்று ராத்திரியில் இருக்கிறது

வசந்த காலப் பனியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி என்றால், கேட்க வேண்டியது "இன்று வெயில் எப்படி?" என்பதல்ல. "நேற்று இரவு பனி உறைந்ததா?" என்பதுதான்.

காரணம் இது. பகலில் மேற்பரப்பு உருகுகிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால், பனி தன் வெப்பத்தை வான்வெளிக்கு வீசி இழக்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. இது நமக்குப் புதிதல்ல. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும் படம் நாளிதழ்களில் வருமே, அப்போது பெரும்பாலும் வெப்பமானி பூஜ்ஜியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலேயே இருக்கும். வானம் தெளிந்த இரவில் புல் நுனி காற்றைவிடக் குளிர்ந்துபோவதால் வரும் உறைபனி அது. மலைப்பனியின் மேற்பரப்பிலும் இதே கதைதான்: காற்று 2 அல்லது 3 டிகிரி இருந்தாலும், தெளிந்த வானத்தின் கீழ் பனி உறைந்துவிடும்.

மேகம் மூடினால் எல்லாம் மாறிப்போகிறது. மேகம் அந்த வெப்பத்தைத் திரும்பக் கீழே அனுப்புகிறது. சென்னையில் மேகமூட்டமான மே மாத இரவு ஏன் அப்படிப் புழுங்குகிறது என்பதற்கும் இது ஒரு காரணம். மலையில் அப்படி ஒரு இரவு கழிந்தால், முந்தைய நாளின் ஈரம் உறையாமல் அப்படியே விடியும். வானிலைச் செயலியில் "குறைந்தபட்சம் மைனஸ் 1" என்று போட்டிருந்தாலும் நம்ப முடியாது. ஒரு தெளிந்த இரவும் ஒரு மேகமூட்ட இரவும், ஒரே வெப்பநிலை காட்டினாலும், இரண்டு வேறு மலைகளைத் தரும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். விடியும் முன் கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் பூட்ஸ் குதிகாலால் பனியை ஓங்கி மிதித்துப் பாருங்கள். குதிகால் லேசாகப் பதிந்து நின்றால் நன்றாக உறைந்திருக்கிறது. மேலே ஒரு தகடு உடைந்து, கீழே சொதசொதவென்று இறங்கினால், உறைந்தது மேல்தோல் மட்டும்தான். அன்றைக்கு நேரம் குறைவு. தகடே இல்லாமல் ஈரமாக இருந்தால், அன்று செங்குத்தான சரிவின் பக்கம் போகக் கூடாது. வழிகாட்டி "போகலாம்" என்றாலும்.

உருகும் பனிக்குள் என்ன நடக்கிறது

பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவைப்படும் அளவு அது. அதனால் காலையில் வெயில் விழுந்தவுடன் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. உருகத் தொடங்கிய பிறகுதான் வேகம் கூடுகிறது. புதுப் பனி தன் மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். பழைய, ஈரமான, தூசு படிந்த பனி பாதியளவுதான் திருப்பி அனுப்பும்; மீதியைக் குடித்துக்கொள்ளும். ஈரமானால் மேலும் வெப்பத்தைக் குடிக்கும், குடித்தால் மேலும் ஈரமாகும்.

தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்போது பனித்துகள்களை அது ஒட்டித்தான் வைக்கிறது. பனி உருண்டை செய்ய அந்த ஈரம்தான் ஏற்றது. கனஅளவில் ஏழு எட்டு சதவீதத்தைத் தாண்டும்போது நிலைமை தலைகீழாகிறது. துகள்களுக்கு இடையிலான பிடிப்பு கரைந்து, தண்ணீர் கீழ்நோக்கி இறங்குகிறது. வழியில் ஒரு பனிக்கட்டித் தகடு இருந்தால் அதன் மேல் தேங்குகிறது. முன்னே சொன்ன ஒட்டாத மணி அடுக்கை எட்டினால், அங்கே மிச்சமிருந்த பிடிப்பும் போய்விடுகிறது.

இதிலிருந்து பலரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு கிடைக்கிறது. வசந்த காலம் முழுவதும் ஒரே அளவு ஆபத்து இல்லை. குளிர்காலப் பனிக்குள் முதன்முறையாகத் தண்ணீர் இறங்கும் அந்த முதல் சில வெப்ப நாட்கள்தான் மோசம். பல நாட்கள் பகலில் உருகி இரவில் உறைந்த பனி, உள்ளுக்குள் தண்ணீர் வடியும் பாதைகளை அமைத்துக்கொண்டு, காலை நேரங்களில் நம்பத்தக்க அளவுக்கு உறுதியாகிவிடும். பனிச்சறுக்குக்காரர்கள் தேடிப் போகும் கார்ன் ஸ்னோ இதுதான்: சில மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டை மணிகள், அடியில் உறைந்த தளம், மேலே விரல் தடிமனுக்கு மென்மை. ஆனால் ஏப்ரல் கடைசியில் ஒரு புதுப் பனிப்பொழிவு வந்துவிட்டால், கணக்கு மறுபடி முதலிலிருந்து. பனியின் மேல் மழை பெய்தால், அதைவிட மோசம்.

ஒரு நாளின் கணக்கு

ஏப்ரல், மே மாதங்களில், தெளிந்த இரவுக்குப் பிறகான ஒரு நாள் தோராயமாக இப்படிப் போகும். உயரத்தையும் சரிவின் திசையையும் பொறுத்து ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம்.

1. விடிவதற்கு முன்பிருந்து காலை 7 வரை: பனி இறுகிக் கிடக்கும். பனிச்சரிவு ஆபத்து மிகக் குறைவு. வழுக்கி விழும் ஆபத்து மிக அதிகம்.

2. காலை 7 முதல் 10 வரை: கிழக்கைப் பார்த்த சரிவுகள் முதலில் இளகும், அப்புறம் தெற்கு. சறுக்குவதற்கும் இறங்குவதற்கும் நல்ல நேரம் இதுதான். ஒரு சரிவில் இந்த நல்ல நேரம் ஒரு மணியோ இரண்டு மணியோதான் நீடிக்கும்.

3. 10 மணிக்குப் பிறகு: கால் கணுக்கால் தாண்டிப் புதையத் தொடங்கும். பாறைகளை ஒட்டிய பனியிலிருந்து சின்னச் சின்ன உருண்டைகள் தாமாகக் கிளம்பிக் கீழே உருளும். அழகாக இருக்கும், ஆனால் அது எச்சரிக்கை. அதைப் பார்த்த பிறகு செங்குத்துச் சரிவின் மேலும் நிற்கக் கூடாது, கீழும் நிற்கக் கூடாது.

4. பிற்பகல்: மேகம் திரளும், இடியும் வரலாம். உருகிய நீர் எல்லாம் ஓடைகளில் சேர்ந்து, காலையில் முழங்கால் அளவிருந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும்.

மலையேற்றக் குழுக்கள் உச்சி ஏறும் நாளில் இரவு இரண்டு, மூன்று மணிக்கே எழுப்பிவிடுவது ஏன் என்று இப்போது புரியும். சூரிய உதயத்தைப் படமெடுக்க அல்ல. கணக்கை இறக்கத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். உத்தராகண்டில் ஜோஷிமட் அருகே உள்ள பங்கர்ச்சுல்லாவை எடுத்துக்கொள்வோம்: 4,500 மீட்டருக்கு மேற்பட்ட உச்சி, ஏப்ரல், மே மாதங்களில் கடைசிப் பகுதி பனியும் பாறையும் கலந்த செங்குத்து. அப்படியொரு இடத்தில் 10 மணிக்குள் சரிவை விட்டு இறங்கியாக வேண்டும், இறங்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், 8 மணிக்கு உச்சியில் இருக்க வேண்டும். ஏற ஐந்து மணி நேரம் என்றால், 3 மணிக்கு முகாமை விட்டிருக்க வேண்டும். ஒருவர் ஷூ கட்டத் தாமதித்து, ஒருவருக்கு டீ வர வேண்டும் என்று நின்று, குழு 4:30-க்குக் கிளம்பினால், தொலைந்த அந்த ஒன்றரை மணி நேரம் இறக்கத்தின் மிக மோசமான பகுதியில் வந்து சேரும். 8 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்வதுதான் சரி. உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டு அந்த முடிவை யாராலும் ஒழுங்காக எடுக்க முடியாது.

சரிவின் கோணமும் திசையும்

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள இடங்களில் கிளம்புகின்றன. அதிலும் 38-ஐ ஒட்டி அதிகம். இன்னும் செங்குத்தானால் பனி பெரிதாகச் சேர்வதற்குள் உதிர்ந்துவிடும். 30 டிகிரி எவ்வளவு என்று உடம்புக்குத் தெரிய, வீட்டு மாடிப்படியை நினைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய அந்தச் சாய்வுதான், சில வீடுகளில் அதற்கும் மேலே. படியே இல்லாமல் அதே சாய்வில் உறைந்த பனி. கைப்பேசியின் கோணமானியை ஊன்றுகோலின் மேல் வைத்து அளந்தால் தோராயமாகத் தெரிந்துவிடும்.

நீங்கள் நிற்கும் இடம் சமதளம் என்பதால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. மேலே செங்குத்துச் சரிவு இருந்தால், அது வந்து சேரும் இடம் உங்கள் சமதளம்தான்.

திசை விஷயத்தில், ஐரோப்பிய மலைகளுக்கு எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே வடக்குச் சரிவுகள் வசந்தத்தில் வெகு நாள் நிழலில் குளிர்ந்தே கிடக்கும். உத்தராகண்ட், இமாச்சல் மலைகள் 30 முதல் 33 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி நிழலில்லா நாள் வருகிறது, சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. மே நடுவில் உத்தராகண்டிலும் நண்பகல் சூரியன் 78, 79 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். அப்போது 35 டிகிரி சாய்ந்த வடக்குச் சரிவின் மேலும் வெயில் நன்றாக விழும். "வடக்குப் பக்கம்தானே, குளிராக இருக்கும்" என்ற கணக்கு மார்ச்சில் சரி, மே மாதத்தில் சரியாக வராது.

சரியாத பனியிலும் ஆபத்து உண்டு

பனிச்சரிவைப் பற்றியே பேசினால், அதைவிடச் சாதாரணமாக நடக்கும் விபத்து மறைந்துவிடும்: அதிகாலை இறுகலில் வழுக்கி விழுவது. 35, 40 டிகிரி உறைந்த சரிவில் விழுந்தவர் சில நொடிகளில் நிறுத்த முடியாத வேகத்தை எட்டிவிடுவார். ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியின் கூர்முனையைப் பனியில் குத்தி, உடம்பு எடையை அதன் மேல் போட்டு நிறுத்தும் முறை இருக்கிறது. முதல் ஓரிரு நொடிகளுக்குள் செய்தால்தான் பலிக்கும். கீழே பாறையில்லாத மென்சரிவில் நாலைந்து தடவை பழகியவருக்குத்தான் கை தானாகப் போகும். மலையேற்ற நிறுவனங்கள் கொடுக்கும் மைக்ரோ ஸ்பைக்ஸ் (ஷூவின் மேல் மாட்டும் சிறு முட்கள்), மிதமான சரிவில் நடக்க நல்லது. செங்குத்தில் அது க்ராம்பானுக்கு, அதாவது பூட்ஸ் அடியில் கட்டும் நீண்ட கூர்முட்களுக்கு, மாற்று ஆகாது. இதில் சமரசம் வேண்டாம்.

மலைமுகட்டின் ஓரத்தில் காற்று வெளிப்பக்கமாகச் சேர்த்த பனி விளிம்பை கார்னிஸ் என்பார்கள். மேலே நின்று பார்த்தால் தரை மாதிரியே இருக்கும், கீழே வெறும் காற்று. உடையும்போது நாம் நினைப்பதைவிட உள்ளே தள்ளி உடையும். செல்ஃபி எடுக்க முகட்டின் விளிம்புக்குப் போவது இதனால்தான் கூடாது. ஓடைகளின் மேல் மூடியிருக்கும் பனிப்பாலங்கள் காலையில் தாங்கும், பிற்பகலில் தாங்காமல் போகும். வெயிலில் சூடேறும் பாறைகளைச் சுற்றி உள்ளே குழி விழுந்திருக்கும். உறைந்த பிடிப்பில் நின்ற கற்கள், வெயில் பட்டதும் மேலிருந்து விழத் தொடங்கும்.

புதைந்தால் எவ்வளவு நேரம்

பனிக்குள் முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியில் அது பத்தில் மூன்றாகக் குறைகிறது. மூச்சுதான் பிரச்சினை, குளிர் அப்புறம். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மானாவில் எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் சிக்கியபோது 46 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பலர் தங்கியிருந்தது உலோகக் கன்டெய்னர்களுக்குள். உள்ளே காற்று இருந்தது. திறந்த சரிவில் நடப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை.

பத்து நிமிடத்தில் மீட்புப் படை வராது. பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் பனிச்சறுக்கு மையங்களின் லிஃப்ட் பாதைகளுக்கு வெளியே சறுக்குபவர்கள் மூன்று பொருள்களை உடம்போடு வைத்திருக்கிறார்கள்: 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டுக்குப் பெரிய பலனில்லை. காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலா எனும் ரோப் காரின் இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. டிக்கெட் எடுத்து ஏறிய இடம் என்பதால் எல்லாம் யாரோ கவனித்துக்கொள்வார்கள் என்று தோன்றும். ரோந்துக் குழு பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு அப்பால் ஒரு வளைவு திரும்பினாலே அது திறந்த மலை. 2024 பிப்ரவரி 22 அன்று அந்த மலைப்பக்கம் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார்.

கடல்மட்டத்திலிருந்து போகும் உடம்பு

சென்னைக்காரர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. கடல்மட்டத்தில் வாழும் உடம்பு 4,500 மீட்டரில் கிட்டத்தட்ட 57 சதவீதக் காற்றழுத்தத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். பரங்கிமலைப் படிகளில் தினம் ஏறிப் பயிற்சி எடுத்தால் கால் வலுவாகும், நுரையீரல் தாங்கும். உயரத்துக்கு உடம்பு பழகுவது அதனால் நடக்காது. அது மேலே தங்கித்தான் நடக்கும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஓய்வு நாள் வேண்டும். தலைவலியும் குமட்டலும் சேர்ந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும், நள்ளிரவானாலும். உயரத்தால் மந்தமானவர் மெதுவாக நடப்பார். மெதுவாக நடக்கும் குழு வெயில் ஏறிய பனியில் மாட்டிக்கொள்ளும். இரண்டு ஆபத்தும் ஒரே கயிற்றில் கட்டியவை.

பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. உச்சி ஏறும் நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? உச்சியை எட்டாவிட்டாலும் அந்த நேரத்துக்குத் திரும்புவீர்களா? "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

2. பாதையில் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த, பனி மூடிய சரிவுகள் எங்கே, அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன? பாதையை நிஜமாகத் தெரிந்த வழிகாட்டி யோசிக்காமல் சொல்லுவார்.

3. சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கிறீர்களா? சர்வதேச அளவுகோலில் மொத்தம் ஐந்து நிலைகள். மூன்றாம் நிலை என்றால் நடுவாந்திரம், பரவாயில்லை என்று பொருளல்ல. அந்த நிலையில்தான் ஆட்கள் துணிந்து போய் ஏராளமான விபத்துகள் நடக்கின்றன.

4. க்ராம்பானும் ஐஸ் ஆக்ஸும் தருகிறீர்களா, பயன்படுத்தக் கற்றுத்தர அரை நாளாவது ஒதுக்குகிறீர்களா?

5. திட்டத்தில் உபரி நாள் இருக்கிறதா? சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் பெரிய பலவீனம். டேராடூன் போய், டெல்லி வந்து, மறுநாள் காலை அலுவலகம் என்று விமான டிக்கெட்டை இறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். முந்தைய இரவு மேகம் மூடியிருந்தால் ஒரு நாள் முகாமிலேயே இருந்துவிடலாம். பனி அடுத்த இரவு உறையும். அந்த ஒரு நாள் கையில் இல்லாத குழுதான், பனி உறையாத காலையிலும் ஏறப் பார்க்கிறது. திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.